காட்பாடி மேம்பாலத்தில் வெந்துபோன கன்ட்ரோலரும் அதற்குப் பதில் வாங்கியதும்

மிக்சி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். பழைய வேலூர் பக்கம் சின்னக் கடை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பழைய சைக்கிளுக்கு ஆன்லைனில் ஒரு எலக்ட்ரிக் கிட் வாங்கிப் பூட்டினேன். 36 வோல்ட், 250 வாட், கியர் இல்லாத ஹப் மோட்டார், பின் சக்கரம். வேலை முடிந்த மிக்சியையும் கிரைண்டரையும் கேரியரில் கட்டிக்கொண்டு வீடுகளில் கொடுத்துவிட்டு வருவதற்கு அது போதும். பெட்ரோல் செலவு இல்லை, லைசென்ஸ் தொல்லை இல்லை.

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சியில் இருந்தபோது, கிட்டோடு வந்த கன்ட்ரோலர், அதாவது பேட்டரி கரண்ட்டை அளந்து மோட்டாருக்கு விடும் பெட்டி, செத்துப்போனது. அதற்குப் பதிலாக 1,450 ரூபாய்க்கு வாங்கிய புது கன்ட்ரோலரைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெட்டியின் மேல் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. '36 வோல்ட், சைன் வேவ், 14 ஆம்பியர்' என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பெட்டிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் வருகின்றன. அதனால் பிராண்டைப் பார்த்து வாங்க வழியில்லை. திறந்து பார்த்துத்தான் எடை போட வேண்டும். நான் திறந்து பார்த்தேன்.

முதலில் பழையது எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் புதியதின் அருமை புரியாது.

அன்றைக்கு மதியம் ஒரு மணி இருக்கும். காட்பாடியில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இரண்டு டேபிள் டாப் கிரைண்டர்கள் கொடுக்க வேண்டும். ஒன்று 11 கிலோ. நான் 78 கிலோ. கிரீன் சர்க்கிள் தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. ரயில்வே மேம்பாலம் ஏறும்போது முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே நானும் ஊர்ந்தேன். வெயிலில் மிதிக்கச் சோம்பல்பட்டு த்ராட்டிலை முழுசாகத் திருகிப் பிடித்திருந்தேன். பாலத்தின் பாதியில் 'டப்' என்று ஒரு சத்தம், பின் சக்கரத்தை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு உலுக்கல். இறங்கித் தள்ளினால் சக்கரம் கடக் கடக் என்று இடித்து இடித்துத்தான் உருள்கிறது.

பாலத்துக்குக் கீழே டீக்கடைத் தம்பி பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, பேட்டரி வண்டியைப் போய்த் தள்ளிக்கினு வர்ற?" என்றான். அவனுக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. கன்ட்ரோலர் இருந்த துணிப்பையின் ஜிப்பைத் திறந்தேன். கருகிய வாசனை மூக்கில் அடித்தது. பெட்டியைத் தொட்ட விரலை ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை.

சக்கரம் இடித்ததற்குக் காரணம் எளிது. கன்ட்ரோலருக்குள் ஆறு மாஸ்ஃபெட்கள் இருக்கும். சுருக்கமாக ஃபெட், கரண்ட்டை வேகமாகத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்சுகள். மோட்டாரின் மூன்று வயர்களுக்கும், வயருக்கு இரண்டு வீதம். அதில் ஒன்றிரண்டு வெந்து ஷார்ட் ஆகிவிட்டால் மோட்டாரின் வைண்டிங்கே ஒன்றோடொன்று பிணைந்து, சக்கரத்தைச் சுற்றினால் பிரேக் போல எதிர்க்கும். மஞ்சள், பச்சை, நீல வயர்களைக் கழற்றிவிட்டதும் சக்கரம் சுதந்திரமாகச் சுழன்றது. கடைக்கு வந்து மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரி நெகட்டிவிலிருந்து மஞ்சளுக்குப் பூஜ்ஜியம் ஓம். மற்ற இரண்டுக்கும் கிலோ ஓம் கணக்கில் ஒரே மாதிரி காட்டியது. தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கிட் விற்றவரைக் கூப்பிட்டால், "வெயில்ல ஓட்டினா அப்படித்தான் சார் ஆகும்" என்றார். வேலூர்க்காரனிடம் வெயிலில் ஓட்டாதே என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மிக்சியில் தேங்காய்ச் சில்லு மாட்டிக்கொண்டு பிளேடு சுற்றாமல் நின்றால் என்ன ஆகும்? உறுமும், சூடாகும், அடியில் இருக்கிற சிவப்பு பட்டன் வெளியே துள்ளும். சுற்றாத மோட்டார்தான் அதிக கரண்ட் இழுக்கும். சைக்கிளிலும் அதே கதைதான், ஒரு கூடுதல் வில்லங்கத்தோடு. பேட்டரி பக்கம் மீட்டரில் 14 ஆம்பியர்தான் தெரியும். மெதுவாகப் போகும்போது மோட்டாருக்கு வோல்ட்டேஜ் குறைவாகவே தேவை. கன்ட்ரோலர் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. டியூட்டி, அதாவது அந்தச் சுவிட்ச் திறந்துவிட்டிருக்கும் நேரம், 40 சதவீதம் என்றால் பேட்டரியில் 14 ஆம்பியர் போகும்போது மோட்டார் வயரில் 35 ஆம்பியர் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் மாதிரிதான், வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும்.

பழைய கன்ட்ரோலரில் இருந்தவை 75என்எஃப்75 என்ற ஃபெட்கள். அதன் தடை அதிகபட்சம் 11 மில்லி ஓம். 35 ஆம்பியர் ஓடினால் ஒரு ஃபெட்டில் பதிமூன்றரை வாட் சூடு. எந்த நேரத்திலும் கரண்ட் இரண்டு ஃபெட் வழியாகப் போக வேண்டும், ஆக 27 வாட். என் மேசையில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைச் சொருகி ஒரு பெட்டிக்குள் மூடி, அந்தப் பெட்டியை ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த துணிப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் எப்படி இருக்குமோ, அதைத்தான் நான் பாலத்தின் மேல் செய்திருக்கிறேன். இதில் இன்னொரு கொடுமை, சூடு ஏற ஏற ஃபெட்டின் தடையும் ஏறும். 100 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தடை ஏறினால் சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் அது தானே தன்னை வேகவைத்துக்கொள்கிறது.

சரி, புதியதுக்கு வருவோம்.

கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியப் பெட்டி, நீளவாக்கில் வரிவரியாக மேடு பள்ளம். கையில் எடுத்தாலே பழையதைவிடக் கனம் தெரிகிறது. கனம் நல்ல அறிகுறி, ஏனென்றால் இதில் உலோகம்தான் வேலை செய்கிறது. இருபக்க மூடியையும் கழற்றி உள்ளிருக்கும் போர்டை உருவி எடுத்தேன். ஆறு ஃபெட்டும் வரிசையாக ஒரு அலுமினியப் பட்டையில் திருகப்பட்டிருந்தன. மேலே 4110 என்று அச்சிட்டிருந்தது. அசல் 4110 என்றால் தடை அதிகபட்சம் நாலரை மில்லி ஓம். அதே 35 ஆம்பியருக்கு இரண்டு ஃபெட்டும் சேர்ந்து 11 வாட் மட்டும்தான். 27 எங்கே, 11 எங்கே! ஃபெட் மேல் என்ன எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் எண்ணை நம்பாமல் சூட்டை அளந்தேன். அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து பிடித்தது, 42 வோல்ட்டைக் குறைத்து உள்ளே இருக்கும் சிப்புகளுக்குக் கொடுக்கிற பகுதி. பழையதில் அந்த வேலையை ஒரு பெரிய ரெசிஸ்டரும் ஒரு லீனியர் ரெகுலேட்டரும் செய்தன. மிச்ச வோல்ட்டேஜை எல்லாம் சூடாக்கிக் கொட்டுவதுதான் அவற்றின் வேலை. அதனால்தான் வண்டி சும்மா ஸ்டாண்டில் சாவி போட்டு நின்றால்கூடப் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். புதியதில் ஒரு சின்னக் கம்பிச்சுருள் வைத்து, வோல்ட்டேஜை வெட்டி வெட்டிக் குறைக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட். அரைமணி நேரம் சாவி போட்டு வைத்துத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தே இருக்கிறது. கபாசிட்டர்கள் 63 வோல்ட், 105 டிகிரி வரை தாங்கும் ரகம். அவையும் ஃபெட் பட்டையை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. கபாசிட்டரைப் பொறுத்தவரை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது கணக்கு, அதனால் அந்த அரை அங்குல இடைவெளிக்கு மதிப்பு உண்டு.

பட்டையின் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. 'ஓவர் டெம்பரேச்சர் ப்ரொடெக்‌ஷன்' என்று விளம்பரத்தில் போடாத கன்ட்ரோலரே கிடையாது. நிஜமாக அதற்கென்று ஒரு சென்சார் வைத்திருப்பதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மிக்சியின் சிவப்பு பட்டன் மாதிரிதான் இதுவும், ஆனால் ஒரேயடியாக நிறுத்தாமல் கரண்ட்டைக் குறைக்கிறது.

இப்போது குறைகள். ஃபெட்டிலிருந்து பட்டைக்கு சூடு போக நல்ல சிலிகான் ஷீட் வைத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டையிலிருந்து வெளிப்பெட்டிக்குச் சூடு போக வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று ஸ்க்ரூ, அதில் நடுவில் இருந்தது விரலாலேயே சுற்றுகிற அளவுக்கு லூஸ். அதைவிட மோசம், பெட்டியின் உட்புறத்திலும் அதே கறுப்புப் பெயின்ட். பட்டை வந்து உட்காரும் இடத்தையாவது மறைத்துவிட்டுப் பெயின்ட் அடித்திருக்கலாம். பெயின்ட்டும் காற்றிடைவெளியும் சேர்ந்தால் சூட்டுக்குப் போர்வை. உள்ளே நல்ல ஃபெட்டைப் போட்டுவிட்டு வெளியே வரும் வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

உடனே சரிசெய்யவில்லை. அளந்து பார்க்காமல் கைவைப்பதில்லை என்று முடிவு செய்து, அதே மேம்பாலம், அதே எடை, அதே மதிய நேரம் என்று மூன்று முறை ஓட்டினேன். இரண்டு கிரைண்டருக்குப் பதில் இரண்டு கிரைண்டர் கல்லை மூட்டையாகக் கட்டி எடை சரிசெய்துகொண்டேன். பாலத்தின் உச்சியில் ஒதுங்கி நின்று மூட்டையை அவிழ்க்காமல் பெட்டிக்குத் துப்பாக்கி நீட்டுகிற ஆளைப் பார்த்து இரண்டு பேர் வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். துப்பாக்கி என்றால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பளபளக்கும் மொட்டை அலுமினியத்தின் மேல் பிடித்தால் அது பொய் சொல்லும். பழைய பெட்டியைக் கடையில் சூடாக்கிப் பார்த்தபோது 46 டிகிரி என்று காட்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டிப் பிடித்ததும் 71 காட்டியது. மல்டிமீட்டரோடு வரும் வயர் ப்ரோபை உள்ளே ஃபெட் பட்டையில் திருகி, வயரை மூடி வழியாக வெளியே எடுத்திருந்தேன்.

முதல் ஓட்டம், கிட்டோடு வந்த அதே துணிப்பையில். வெளியே 39 டிகிரி. முக்கால் பாலம் ஏறும்போதே வண்டி சோர்ந்தது. மீட்டரில் 14 ஆம்பியர் 8 ஆக இறங்கியிருந்தது. பேட்டரி போய்விட்டது என்று பயந்தேன், அப்புறம்தான் சென்சார் ஞாபகம் வந்தது. பெட்டி 79, உள்ளே பட்டை 103. பழையதாக இருந்தால் அன்றைக்கும் தள்ளிக்கொண்டுதான் வந்திருப்பேன்.

இரண்டாவது ஓட்டம், பையைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு எல் ஆங்கிளில் துளை போட்டு சீட்டுக்குக் கீழே ஃப்ரேமில் திருகி. பெட்டியின் வரிகள் காற்று ஓடும் திசையில் இருக்கும்படி, வயர்கள் பின்னோக்கிக் கீழே இறங்கும்படி. வெளியே 40. பெட்டி 66, பட்டை 93. கரண்ட் குறையவில்லை. ஒரு பைசா செலவில்லாமல் பட்டையில் பத்து டிகிரி மிச்சம்.

மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் பெட்டியின் உள்ளே பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து அலுமினியம் தெரியும்வரை எடுத்தேன். ஹீட் சிங்க் கம்பௌண்ட் என்ற சூடு கடத்தும் பசையைத் தடவினேன். நிறையத் தடவினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். தோசைக்கல்லில் அரை வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்போமே, அந்த அளவு போதும். மூன்று ஸ்க்ரூவையும் இறுக்கினேன். ஓட்டிப் பார்த்தால், வெளியே அதே 40, பெட்டி 71!

சூடு ஏறிவிட்டதே என்று ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பிறகு உள்ளே இருந்த ப்ரோபைப் பார்த்தேன், பட்டை 78. அதாவது உள்ளே அடைபட்டுக் கிடந்த சூடு வெளியே வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே 27 டிகிரி வித்தியாசம் இருந்தது, இப்போது ஏழுதான். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "என் கன்ட்ரோலர் தொட்டாலும் சூடே தெரியாது, அவ்வளவு தரம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாலம் ஏறி இறங்கிய பிறகும் பெட்டி குளுகுளுவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒன்று அது வேலையே செய்யவில்லை, இல்லாவிட்டால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபெட்டின் முதுகில் இருக்கும் உலோகத் தகட்டில் மின்சாரம் இருக்கும். அதற்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள சிலிகான் ஷீட் கிழிந்தால் அத்தோடு கதை முடிந்தது. அதனால் ஃபெட் ஸ்க்ரூக்களில் கைவைக்காதீர்கள். பட்டைக்கும் பெட்டிக்கும் இடையில் மட்டும் வேலை பாருங்கள். மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒவ்வொரு தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் தொட்டுப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் கபாசிட்டரில் மின்சாரம் மிச்சம் இருக்கும். சாவியைப் போட்டு அதை இறக்கிவிட்டுத் திறங்கள்.

சைன் வேவ் பற்றி இரண்டு வார்த்தை. கரண்ட்டைப் படிப்படியாக இல்லாமல் அலை போல வழுவழுவென்று ஏற்றி இறக்கி மோட்டாருக்குக் கொடுக்கும் முறை அது. பழையது கிளம்பும்போது மாவு மில் மாதிரி 'உர்ர்' என்று இரையும். இது சத்தமே இல்லாமல் நகர்கிறது, தெருநாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சத்தம் குறைந்ததால் சூடும் குறைந்தது என்று முடிச்சுப் போடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. சூடு குறைந்ததற்குக் காரணம் ஃபெட்டின் தடை. மோட்டார் வயர்களின் நிற வரிசை பொருந்துமா என்ற கவலையும் வேண்டாம். இரண்டு வெள்ளை வயர்களை இணைத்து சாவி போட்டால் அது தானே சக்கரத்தைச் சுற்றிக் கற்றுக்கொள்கிறது. எனக்கு முதலில் பின்பக்கமாகச் சுற்றியது. பிரித்து மறுபடி இணைத்ததும் சரியாகிவிட்டது. கற்றுக்கொண்ட பிறகு அந்த இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள். கூட வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. காகிதமே சீன மொழியில்தான் இருந்தது.

பிரேக் வயர் பொருந்தவில்லை, த்ராட்டில் கனெக்டரும் வேறு. இரண்டையும் வெட்டி சால்டர் வைக்க வேண்டியிருந்தது. சால்டரிங் தெரியாதவர்கள் ஒரு மெக்கானிக்குக்கு 200 ரூபாயாவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வரும் பையன்கள் சிலர், "ஷண்ட்ல கொஞ்சம் ஈயம் வச்சுக் குடுங்கண்ணா, பிக்கப் வரும்" என்கிறார்கள். கரண்ட்டை அளக்கிற அந்தக் கம்பியில் ஈயம் வைத்தால் கன்ட்ரோலர் 14 என்று நினைத்துக்கொண்டு 21 ஆம்பியர் விடும். கரண்ட் ஒன்றரை மடங்கு ஏறினால் ஃபெட்டில் சூடு இரண்டேகால் மடங்கு ஏறும். நான் செய்து கொடுப்பதில்லை. 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் என்ற எல்லைக்குள் இருப்பதால்தான் இந்த வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் கேட்காமல் விட்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. ஐப்பசி மழையில் நாலு நாள் நனைந்தும் உள்ளே தண்ணீர் இறங்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் குறை. மோட்டார் வயர்களின் புல்லட் கனெக்டர் மூன்றில் நீல வயருடையது பழுப்பு நிறமாகி, அதன் ப்ளாஸ்டிக் உறை இறுகிப்போயிருந்தது. பிடிப்பு சரியில்லாத கனெக்டர். 35 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது அதுவே ஒரு குட்டி அடுப்பு. மூன்றையும் வெட்டிவிட்டு, வயர் முனையில் லக் என்ற வளையம் அடித்து நட்டு போல்ட்டில் முறுக்கிவிட்டேன். ஃபெட்டுக்கு நல்ல காசு செலவழித்தவர்கள் மூன்று கனெக்டரில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். திறந்து உப்புத்தாள் போடத் தயாராக இருப்பவர்கள் நாலரை என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கி அப்படியே துணிப்பையில் போட்டு ஓட்டப் போகிறவர்கள் பேசாமல் பழைய கன்ட்ரோலரையே வைத்துக்கொள்ளுங்கள், 1,450 ரூபாயாவது மிஞ்சும்.

அந்த டீக்கடைத் தம்பி போன வாரம் தன் சைக்கிளுக்கும் கிட் போட்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்தான். பார்த்தேன், பெட்டி துணிப்பைக்குள் பத்திரமாக ஜிப் போட்டு இருந்தது. அதன் மேல் மழைக்கு என்று ஒரு பாலிதீன் கவர் வேறு.